ஸ்காட்லாந்தில் நான் ஒரு நல்ல சகுனம்

2025 ஏப்ரலில் லீவுக்கு விருதுநகர் போயிருந்தப்ப, டீக்கடையில் பழைய பள்ளிக்கூடத் தோழன் ஒருத்தன் மாட்டினான். அவன் கேட்ட முதல் கேள்வி: "ஏன் மாப்ள, நீ இருக்குற ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் பாவாடை கட்டிக்கிட்டுத்தான் ஆபீஸ் போவாங்களாமே?"

ரெண்டாவது, "சரக்கு அங்க சல்லிசா?"

மூணாவது, "மகா கஞ்சப் பயலுகளாமே?"

ஸ்காட்லாந்துன்னா உலகத்துக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் மக்களே. பாவாடை, விஸ்கி, கஞ்சத்தனம். கூடக் கொஞ்சம் தெரிஞ்சவங்கன்னா பேக்பைப்பும், லாக் நெஸ் ஏரியில இருக்கிறதா சொல்ற அந்த ஜந்துவும். 2023 செப்டம்பரில் ஆன்சைட்னு எடின்பரோவில் வந்து இறங்கினப்ப எனக்கும் அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அதனால அவனைக் கிண்டல் பண்ற தகுதி எனக்கு இல்லை. பொறுமையா பதில் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிட்டு, சொல்லாததுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல பாவாடை. கில்ட்னு சொல்லணும், பாவாடைன்னு சொன்னா உதைப்பாங்க. எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தரும் கட்டிக்கிட்டு வந்ததில்லை. கல்யாணம், ரக்பி மேட்ச், புது வருஷம் இந்த மாதிரி நாட்கள்ல வெளியே வரும். நல்ல கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். ஒரு கஜம் ரெண்டு முழம். அதாவது நம்ம எட்டு முழ வேட்டிக்கு ரெண்டு மடங்கு! பின்பக்கம் மடிப்பு மடிப்பாப் போய் உட்கார்ந்துக்கும். நண்பன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து நானும் ஒரு நாள் கட்டினேன். வேட்டி கட்டத் தெரிஞ்சவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை, வெயிட்டுதான் கொஞ்சம் ஓவர்.

இதில் சுவாரசியம் என்னன்னா, இப்ப நாம பார்க்கிற இந்த "பாரம்பரிய உடை"யின் கதை. 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டுக்காரங்க தோத்துப் போனாங்க. அதே வருஷம் வந்த சட்டம், பட்டாளத்துல இல்லாத ஆம்பளைங்க மலைநாட்டு உடுப்பு உடுத்தவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. 1782 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. அப்புறம் 1822இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடு எல்லாம் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மனுஷர் ஊரையே கட்டம் போட்ட துணிக்குள்ள திணிச்சுட்டார். ராஜாவும் ஒரு குட்டை கில்ட், அதுக்குள்ள தோல் கலர்ல ஒரு காலுறைன்னு வந்து நின்னாராம். அதுவரைக்கும் மலைநாட்டு உடுப்பைத் திருட்டுப் பயலுக உடுப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்த சமவெளிக்காரங்களும் அன்னிக்குக் கட்டிக்கிட்டாங்க. அதிலிருந்து அது மொத்த நாட்டுக்கும் உடுப்பு. இந்தக் கதையை எனக்குச் சொன்னதே ஒரு ஸ்காட்காரர்தான். கில்ட் கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே சொன்னார். நம்ம ஊர்ல யாராவது ஒரு பாரம்பரியத்தைப் பத்தி இப்படிச் சொல்லிட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேர முடியுமா? :-)

விஸ்கி சல்லிசு இல்லை. குறைஞ்சது மூணு வருஷம் ஓக் பீப்பாயில் ஊறினாத்தான் அதுக்கு ஸ்காட்ச்னு பேர். போதாக்குறைக்கு, மது இதுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு 2018இல் குறைந்தபட்ச விலைச் சட்டம் வேற கொண்டு வந்துட்டாங்க. தோழன் முகம் வாடிப்போச்சு.

கஞ்சத்தனம்? தாமிரக் கம்பியைக் கண்டுபிடிச்சது யாருன்னு ஒரு பழைய கடி ஜோக் உண்டு. ஒரு பென்னி காசுக்காக ரெண்டு ஸ்காட்காரங்க ரெண்டு பக்கமும் இழுத்தாங்களாம், அது கம்பியா நீண்டுடுச்சாம். ஆனா உலகம் பூரா 2,500க்கும் மேல நூலகங்கள் கட்டக் காசு கொடுத்த ஆண்ட்ரூ கார்னகி பிறந்தது இங்கே டன்ஃபெர்ம்லின்ல. நான் சனிக்கிழமை போய் உட்கார்ற எடின்பரோ சென்ட்ரல் லைப்ரரியும் அவர் காசுதான். மதிய சாப்பாட்டுக்கு ஆளாளுக்குத் தனித்தனியா காசு கொடுக்கிறவங்கதான், ஆனா பப்புல ரவுண்டு வாங்குறப்ப ஒருத்தரும் பின்வாங்கிப் பார்த்ததில்லை.

ஹாகிஸ் பத்தி ஒரு வார்த்தை சொல்லலைன்னா பாவம் பிடிச்சுக்கும். ஆட்டு இதயம், ஈரல், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு போட்டு ஆட்டு இரைப்பையில் அடைச்சு வேக வைக்கிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25 அன்னிக்கு அதை ஒரு தட்டுல வெச்சு, பேக்பைப் வாசிச்சு ஊர்வலமா கொண்டு வந்து, அதைப் பார்த்து அவர் எழுதின கவிதையைச் சொல்லிக்கிட்டே கத்தியை வைப்பாங்க. டீம்ல இருந்த வடநாட்டு நண்பர்கள் எல்லாம் ஓடிட்டாங்க. ஞாயித்துக்கிழமை குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன் எதுக்கு ஓடணும்? ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

இங்கிலீஷ்தான் என்னை டரியல் ஆக்கிடுச்சு. "பேக் ஆஃப் நைனுக்கு வா"ன்னு டேமேஜர் சொன்னார். ஒன்பதுக்குப் பின்னாடின்னா எட்டே முக்கால்தானேன்னு கணக்குப் போட்டுப் போய்க் குளிர்ல நின்னேன். ஒன்பது அடிச்சுக் கொஞ்சம் கழிச்சுன்னு அர்த்தமாம். ஆனா ஒரு விஷயம்: "நீ எங்கே ஸ்டே பண்றே?"ன்னுதான் இவங்களும் கேட்கிறாங்க. லண்டன்காரன் அதைக் கேட்டா எந்த ஹோட்டல்னு நினைப்பான். எனக்கு அன்னிக்கே பாதி ஊர் வந்த மாதிரி ஆயிடுச்சு.

இதுவரைக்கும் தோழனுக்குச் சொன்னது. இனிமே சொல்லாதது.

நான் இருக்கிறது லீத் பக்கம், கல்லால கட்டின ஒரு பழைய நாலு மாடிக் கட்டடம். ஒரே மாடிப்படி, தளத்துக்கு ரெண்டு வீடு. வந்த ரெண்டாவது வாரம் என் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கிச்சு. "மாடிப்படி கழுவ வேண்டியது இந்த வாரம் உங்க முறை." ஙேன்னு முழிச்சேன். அப்புறம் பிடிபட்டுச்சு. அட, முறைவாசல்! எங்க ஆச்சி வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வளவுல வீட்டுக்கு வீடு முறை வெச்சு வாசல் தெளிச்ச அதே ஏற்பாடு. சோப்புத் தண்ணி எடுத்துக்கிட்டு இறங்கினேன். எதிர்வீட்டுக் கதவு லேசாத் திறந்தது. வெள்ளை முடி, எண்பதுக்குக் கிட்டத்தட்ட வயசு. நான் துடைக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மூலையை விட்டுட்டே சன்"னுச்சு அந்தப் பாட்டி.

பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்னு பாட்டி பல தடவை சொல்லியாச்சு. எனக்கு வாய் வரலை. மேடம்னா "நான் என்ன ராணியா?"ன்னு கேட்கும். அதனால எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். கணவர் போய் மூணு வருஷம். மகன் கனடாவுல. வாரத்துக்கு ஒரு நாள் கடையிலேர்ந்து பாலும் ரொட்டியும் நான் வாங்கிட்டு வந்து கொடுப்பேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீ. அவ்வளவுதான் பழக்கம்.

இப்ப ஹாக்மனே. வருஷக் கடைசி ராத்திரிக்கு இங்கே அதான் பேர். இங்கே புது வருஷம்தான் பெரிய பண்டிகை. பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் சர்ச்சுக்காரங்க கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒதுக்கிட்டாங்க, 1640இல் பார்லிமென்ட்லயே சட்டம் போட்டாங்க. 1958 வரைக்கும் கிறிஸ்துமஸ் இங்கே பொது விடுமுறையே கிடையாதுன்னா பார்த்துக்குங்க. சேர்த்து வெச்ச ஆட்டத்தை எல்லாம் டிசம்பர் 31க்குத் தள்ளிட்டாங்க. ஜனவரி 2ஆம் தேதியும் லீவு, தலைவலி தெளியறதுக்கு.

2024 கடைசியில் நான் பிரின்சஸ் ஸ்ட்ரீட் தெருக் கொண்டாட்டத்துக்கு டிக்கெட் வாங்கி வெச்சிருந்தேன். 30ஆம் தேதி, புயல் காத்துன்னு சொல்லித் தெருக் கொண்டாட்டம், வாணவேடிக்கை எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. அவ்வ்வ்! வீட்டுல உட்கார்ந்து மேகி கிண்டிக்கிட்டு இருந்தப்ப பாட்டி கதவைத் தட்டிச்சு.

"ராத்திரி வீட்லதான் இருக்கியா? எனக்கு ஃபர்ஸ்ட் ஃபுட் நீதான்."

ஃபுட்டுன்னா? சமைச்சு எடுத்துட்டு வரச் சொல்லுதுன்னு நினைச்சேன். "வெஜிடபிள் பிரியாணி ஓகேவா?"ன்னு கேட்டேன்.

பாட்டி சிரிச்சுக் கதவைப் பிடிச்சுக்கிச்சு. சாப்பாடு இல்லையாம், காலாம். புது வருஷம் பிறந்ததும் வீட்டு வாசல்படியை முதல்ல தாண்டற கால். அந்த ஆள் எப்படியோ வருஷம் அப்படி. கையில கரித்துண்டு, ரொட்டியோ கேக்கோ, கொஞ்சம் விஸ்கி கொண்டு வரணும். அடுப்பும் வயிறும் காயாம இருக்க. அதுக்கு முன்னாடியே வீட்டைப் பெருக்கி, பழைய சாம்பலை அள்ளி வெளியே கொட்டிடணும், கடனை அடைச்சுடணும். போகியேதான்னு நினைச்சுக்கிட்டேன்.

"ஏன் நான்?"

"உயரமா, கருப்பா ஒரு ஆம்பளை வரணும். அதான் அதிர்ஷ்டம்."

கருப்புன்னா அவங்க பேச்சுல முடி கருப்பு. பொன்னிற முடிக்காரன் வாசல்ல வந்தா அந்தக் காலத்துல வைக்கிங் கொள்ளைக்காரன்னு அர்த்தமாம், அதிலேர்ந்து வந்த நம்பிக்கைன்னு சொல்றாங்க. ஆனா அது எல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரியும். அந்த நிமிஷம் காதுல விழுந்தது "கருப்பா ஒரு ஆம்பளை" மட்டும்தான். ரெண்டு இடத்துல "பையன் கலர் கம்மி"ன்னு ஜாதகம் திரும்பி வந்தவன் நான். இருபத்தெட்டு வருஷத்துல என் கருப்புக்காக என்னை ஒருத்தர் வாசல்ல வந்து கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பதினொண்ணு ஐம்பத்தஞ்சுக்கு வெளிப்படியில் போய் நின்னேன். கையில ஒரு பொட்டலம். 1990களோட பழைய நியூஸ்பேப்பர்ல சுத்தின ஒரு கரித்துண்டு. பாட்டியோட கணவருக்கு நல்ல கருப்பு முடியாம். வருஷா வருஷம் அவரை இப்படித்தான் குளிர்ல வெளியே தள்ளிக் கதவைச் சாத்தி, மணி அடிச்சப்புறம் உள்ளே விடுமாம். ஒவ்வொரு வருஷமும் அதே கரித்துண்டு! யாரும் எரிக்கிறதில்லை, திரும்பச் சுத்தி அலமாரியில வெச்சுடறது. ஸ்காட்லாந்து கஞ்சத்தனத்துக்கு நேர்ல பார்த்த ஒரே ஆதாரம் இதான் :-) ரொட்டிக்குப் பதிலா, அம்மா நண்பன்கிட்ட கொடுத்தனுப்பின முறுக்கு. எனக்குச் சரக்குப் பழக்கம் இல்லாததால விஸ்கி பாட்டில் பாட்டி செலவு.

ரேடியோவுல மணி அடிச்சது. எங்கேயோ துறைமுகத்துல ஒரு கப்பல் சங்கு ஊதிச்சு. கதவைத் தட்டினேன். பாட்டி திறந்தது. நீலத்துல ஒரு நல்ல கவுன், கழுத்துல முத்து. வலது கால் எடுத்து வெச்சேன், அவங்க கேட்கலை, நானா வெச்சேன். கரியை வாங்கி அடுப்பு மேடையில் வெச்சது. அப்புறம் டிவியில் எல்லாரும் பர்ன்ஸோட 'ஆல்ட் லாங் சைன்' பாட, நாங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். நான் மொதல்லயே கையைக் குறுக்கா போட்டேன். "கடைசிப் பத்திக்குத்தான் குறுக்கே. இங்கிலீஷ்காரங்கதான் மொதல்லேர்ந்தே போடுவாங்க"ன்னு திட்டு.

முறுக்கை விஸ்கியில முக்கித் தின்னுக்கிட்டே பாட்டி சொல்லிச்சு. பிறந்தது ஃபைஃப் கடற்கரையில ஒரு மீன்பிடி கிராமம். அப்பா படகுல போறவர். மீனவங்களுக்கு சகுனம் ஜாஸ்தி. படகுல பன்றின்னு வாயால சொல்லக் கூடாது, யாராவது சொல்லிட்டா உடனே இரும்பைத் தொடணும். கடலுக்குப் போற வழியில பாதிரியார் எதிர்ல வரக் கூடாது. பொம்பளை வரக் கூடாது. செம்பட்டை முடிப் பொம்பளைன்னா படகைத் திருப்பிட்டு வீட்டுக்கே வந்துடுவாங்க.

"எனக்குச் சின்ன வயசுல தீ மாதிரி முடி. அப்பா கிளம்பற வரைக்கும் நான் பின்கட்டு ரூம்லதான் இருக்கணும். புது வருஷத்தன்னிக்கும் அப்படித்தான். கருப்பு முடிக்காரன் எல்லா வீட்டுக்கும் போய் வர வரைக்கும் தெருவுல இறங்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்து வலை பின்னுவாங்க, நான் தனியா இருக்கேன்னு"ன்னது.

நான் ஒண்ணும் சொல்லலை. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. 2023இல் நான் ஊர்லேர்ந்து கிளம்பின காலை. அப்பா தவறினது நான் பத்தாவது படிக்கறப்ப. அன்னிலேர்ந்து நான் எந்தப் பரீட்சைக்கு, எந்த இன்டர்வியூவுக்குக் கிளம்பினாலும் அம்மா அடுப்படியைவிட்டு வராது. பக்கத்து வீட்டு அத்தைதான் சொம்புத் தண்ணியோட எதிர்ல வருவாங்க. அன்னிக்கும் அத்தைதான். டாக்ஸி தெருமுனை திரும்பறப்பதான் எனக்கே உறைச்சது, அம்மாகிட்ட சரியா மூஞ்சி பார்த்துச் சொல்லிக்கலைன்னு. இதெல்லாம் தப்புன்னு காலேஜ்ல பக்கம் பக்கமாப் பேசினவன்தான் நான். வீட்டுல ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

மணி பன்னிரண்டரை. நம்ம ஊர்ல காலை ஆறு. மார்கழி, அம்மா வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கும். வீடியோ கால் போட்டேன். கோலமாவு கையோட போனை வாங்கிச்சு. பாட்டி குனிஞ்சு ஸ்கிரீன்ல எட்டிப் பார்த்து, "ஹேப்பி நியூ இயர், ஹென்!"னுச்சு.

அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டா, என்னைய எதுக்குக் கோழிங்குறாங்க?"

பொம்பளைங்களைப் பாசமாக் கூப்பிடறதும்மா, கண்ணுங்கற மாதிரின்னு விளக்கினேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில சிரிச்சாங்க. அப்புறம் கரித்துண்டுக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. "என் பிள்ளை கால் பட்டா நல்லதுன்னு வெள்ளைக்காரியே சொல்றா பாரு"ன்னு தெருவுல போன பால்காரர்கிட்ட வரைக்கும் சொல்லியாச்சு. திரும்பி வந்து கேட்டது.

"ஏன்டா, கருப்பா இருந்தா யாரு வேணாலும் போகலாமா?"

"இல்லம்மா. ஆம்பளையா இருக்கணும்."

"அதானே"ன்னது அம்மா. பாதியில நின்ன புள்ளியைப் பார்த்து, "வெயில் வந்துரும், வைக்கிறேன்"னு வெச்சுடுச்சு.

பாட்டி என்ன சொன்னாங்கன்னு கேட்டது. சொன்னேன். பதில் சொல்லலை. முறுக்கு டப்பாவை மூடி வெச்சது.

அந்த ஏப்ரல் லீவு முடிஞ்சு கிளம்பற அன்னிக்கு, "நீ எதிர்ல வாம்மா"ன்னு கேட்டேன். "பேசாம இரு. தூர தேசம் போறவன்"னு அடுப்படிக்குள்ள போயிடுச்சு. ரெண்டு தடவை கேட்டேன். "உனக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கேட்பேன்?"னு கேட்டுச்சு பாருங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அத்தை சொம்போட வந்தாங்க. டாக்ஸியில ஏறிட்டேன். தெருமுனை வரைக்கும் போயாச்சு. டிரைவர்கிட்ட சொல்லித் திருப்பச் சொன்னேன்.

"சார்ஜரை விட்டுட்டேன்மா."

அம்மாவுக்கு வந்த கோபம்! கிளம்பினவன் திரும்பி வர்றது அதைவிடப் பெரிய அபசகுனம் ஆச்சே. "உட்காரு. தண்ணி குடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்"னு திண்ணையில உட்கார வெச்சு, அதுவே சொம்புல தண்ணி மொண்டு கொண்டு வந்து கொடுத்தது. அத்தை அவங்க வீட்டுக்குப் போயிருந்தாங்க. குடிச்சேன், மெதுவாத்தான் குடிச்சேன். சொம்பைக் கையில வெச்சுக்கிட்டே டாக்ஸி வரைக்கும் கூட வந்தது. சார்ஜரைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலை.

எடின்பரோ திரும்பின ஞாயித்துக்கிழமை டீ குடிக்கறப்ப இதைப் பாட்டிகிட்ட சொன்னேன். கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான்.

"சார்ஜர் பைக்குள்ளதானே இருந்துச்சு, சன்?"

ஆமான்னேன்.

"ஐ"ன்னுது பாட்டி. இந்த ஊர்ல ஆமாவுக்கு அதுதான் வார்த்தை. இன்னொரு கப் ஊத்திச்சு. மறுநாள் காலையில கதவைத் திறந்தா கைப்பிடியில அட்டை தொங்குது. மாடிப்படி என் முறை. ஒரு வாரம் லேட்டுன்னு பென்சில்ல வேற எழுதியிருக்கு.